கணக்கறிந்த தொண்டர் ஜே. சி. குமரப்பா

காந்தலூர் என்னும் பெயரைக் கேட்டவுடன், கல்வெட்டுப் பயிற்சியுடைய பெரியோர்க்குக் காந்தளூர்ச் சாலையே நினைவுக்கு வரும். முதலாம் இராசராசனுடைய மெய்க்கீர்த்தியில் இடம்பெற்றது அது. திருவனந்தபுரத்தை அடுத்த வலியசாலைப் பகுதியே அச்சாலை என்பது அறிஞர் பலர் கருத்து. நான் இங்குக் கூற வந்த காந்தலூர் அதுவன்று. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறி, மறையூரைக் கடந்து மேலே சென்றால், இடுக்கி மாவட்டத்தின் வடகோடியில், படிப்படியாய் அமைந்த வயல்களுக்கு நடுவே கிடக்கும் குளிர்ந்த ஊர். அஞ்சுநாடு என்று வழங்கும் பழைய ஊர்த்தொகுதியில் அதுவும் ஒன்று. கேரளத்தின் எல்லைக்குள் இருப்பினும் அங்குள்ள உழவர் பலர் பேசுவது நம் தாய்மொழியே. வெள்ளைப்பூண்டும் மலைக்காய்கறியும் பழமரங்களும் கரும்பும் அவர்தம் செல்வம்.

சென்ற கோடை விடுமுறையில் நம் காலனிக் குடும்பங்கள் சில சேர்ந்து அவ்வூருக்குச் சென்று வந்தோம். கரும்புப்பால் கொதிக்கும் கொப்பரையைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்து நின்றனர். எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர் கல்லூரி மாணவர். ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருந்ததால், கையேட்டை எடுத்துக்கொண்டு அங்கிருந்த முதியவரிடம் ஒரு கொப்பரைக்கு எத்தனை வெல்லம், விறகுச் செலவு எவ்வளவு, கூலி யாது என்று வினவலானார். முதியவர் பொறுமையாக எல்லாவற்றிற்கும் விடை கூறினார். முடிவில் தாமும் ஒரு கேள்வி கேட்டார். தம்பி இதையெல்லாம் எழுதிக்கொண்டு போகிறதே, எழுதியது பிறகு எங்கே போகும், எங்களிடம் திரும்பி வருமா என்பது அவர் கேள்வி. இளைஞர் விடையறியாது நின்றார். அருகில் நின்ற எனக்கும் விடை தெரியவில்லை.

அம்மலையில் திரும்பி வந்த ஆராய்ச்சியும் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். சமவெளியில் காய்ச்சிய மலிவான வெல்லம் மறையூர் வெல்லம் என்னும் பெயரால் விற்கப்பட்டு, மலைநாட்டு உழவரின் வயிற்றில் அடித்து வந்தது. (அவ்வெல்லத்திற் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டிலிருந்து சென்றது என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் அவ்வுழவர்களுடன் கூடி வேலை செய்தனர். அதன் பயனாக 2019ஆம் ஆண்டு மறையூர் வெல்லத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பின்னர் வட்டவடை, காந்தலூர் வெள்ளைப்பூண்டிற்கும் அவ்வுரிமை கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் அறிவும் ஊராரின் அறிவும் ஒன்றுகூடி, ஊரார் கையிலேயே ஓர் உரிமையாக வந்து சேர்ந்ததற்கு இஃது எடுத்துக்காட்டு. ஆயினும் எல்லா ஆராய்ச்சியும் அவ்வாறு திரும்புவதில்லை என்பதற்கு அம்முதியவரின் கேள்வியே சான்று.

அக்கேள்வியை நெஞ்சிற் சுமந்தபடி மலையிறங்கியபோது எனக்கு நினைவில் எழுந்தவர் ஜே. சி. குமரப்பா அவர்கள். தமிழராய்ப் பிறந்து, மொழி தெரியாத குஜராத்தில், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று உழவரின் வறுமையைக் கணக்கெடுத்தவர் அவர். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் சங்கத்தார்க்கு அவர் வரலாறு பலவகையிலும் நெருக்கமானது. நம் பிள்ளைகளுட் பலர் அவரைப் பெயரளவிலேனும் அறியார். ஆதலின் ஆண்டு விழா மலரில் அவரைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

குமரப்பா 1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வழங்கிய பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம் அம்மையார், இறைப்பற்றும் ஈகையும் ஒருங்கே வாய்ந்தவர். உடன்பிறந்தார் பலர். தத்துவம் கற்றுப் பிற்காலத்தில் காந்தியப் பணியில் தமையனுக்குத் துணைநின்ற பரதன் குமரப்பா அவர்களுள் ஒருவர்.

சென்னையில் கல்வி முடித்தபின் இலண்டன் சென்று கணக்காய்வுத் துறையில் தேர்ச்சி பெற்றார். அங்கேயே சில காலம் பணியும் புரிந்தார். 1919ஆம் ஆண்டு தாயாரின் விருப்பத்திற்கு இணங்கித் தாயகம் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். அக்காலத்து அவரைக் கண்டவர் எவரும் பிற்காலத்துக் குமரப்பாவைக் கனவிலும் கருதியிரார். உடை, உணவு, பேச்சு, நடை எல்லாம் ஆங்கில மயம். வருவாய்க்கும் குறைவில்லை. கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்து, எங்கே பணம் ஒழுகுகிறது என்று கண்டறிவதில் வல்லவர் என்று பெயரெடுத்தார். இவ்வொரு திறமைதான் பின்னர்ச் சாம்ராச்சியத்தின் கணக்கையே தணிக்கை செய்ய உதவியது.

1927ஆம் ஆண்டு மேற்படிப்பிற்காக அமெரிக்கா சென்றார். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகம் பயின்று, பின் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். இடையில் ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாயிருக்கிறது என்னும் பொருள்பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு செய்தித்தாளில் வெளிவந்தது. வரியியலிற் புகழ்பெற்ற பேராசிரியர் செலிக்மன் அதைக் கண்டு, அப்பொருளையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார். குமரப்பா நூலகத்தில் அமர்ந்து இந்திய அரசின் வரவு செலவுகளைப் புரட்டினார். உழவனிடம் வாங்கிய பணம் எங்கே போகிறது, அவனுக்குத் திரும்புவது எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தார். ஆங்கில ஆட்சியில் அவருக்கிருந்த நம்பிக்கை அக்கூட்டற் கணக்கிலேயே கரைந்து போயிற்று. எண்கள் அவரைத் தேசபக்தராக்கின என்பது மிகையாகாது.

தாயகம் திரும்பிய அவர், தம் கட்டுரையைப் பதிப்பிக்கும் பொருட்டு 1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் சபர்மதிக்குச் சென்றார். மடிப்புக் கலையாத ஐரோப்பிய உடை, கையில் தடி. குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே வந்துவிட்டார். மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் ஒரு கிழவர் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவரை யாரென அறியாது, நேரம் வரட்டும் என்று தடியை ஊன்றிக் கொண்டு குமரப்பா நின்றிருந்தார். கிழவரே பேச்சைத் தொடங்கி, வந்திருப்பவர் குமரப்பாவா என்று கேட்ட பின்னர்த்தான் எதிரே இருப்பவர் காந்தியடிகள் என்று விளங்கியது. கால்சட்டையின் மடிப்பையும் பொருட்படுத்தாமல் அவரும் மண்ணில் அமர்ந்துவிட்டார். அன்று அமர்ந்தவர் பின்பு நாற்காலியை நாடவில்லை.

கட்டுரையை யங் இந்தியாவில் தொடர்ந்து வெளியிட இசைந்த அடிகள், அத்துடன் நில்லாமல் ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் ஒரு தாலுகாவின் பொருளாதார நிலையை நேரிற் சென்று கணிக்க வேண்டும் என்பதே அது. தமக்கு குஜராத்தி தெரியாதே என்று குமரப்பா தயங்கினார். குஜராத் வித்யாபீடத்தின் ஆசிரியரும் மாணவரும் துணை வருவர் என்று அடிகள் தைரியம் கூறினார். வித்யாபீடத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த காகா காலேல்கருக்கோ முதலில் ஐயம். கோட்டும் டையும் அணிந்த, மொழியறியாத ஒருவர் சிற்றூர்களில் என்ன செய்வார் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. சில நாளில் அவ்வையம் நீங்கியது.

இவ்விடத்தில் வித்யாபீடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1920ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், ஒத்துழையாமை இயக்கத்தின் தொடக்கத்தில் காந்தியடிகள் நிறுவிய தேசியப் பல்கலைக்கழகம் அது. சர்க்கார் பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு வந்த மாணவர்களுக்காக ஏற்பட்டது. சர்க்காரின் மானியம் ஒரு காசும் அன்று அதற்கு இல்லை. மக்கள் கொடுத்த நன்கொடையே ஆதாரம். ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் உதவுவோர் யார் என்பதைப் பொறுத்தே ஆராய்ச்சி எந்தக் கேள்வியைத் துணிந்து கேட்கும், எதைக் கேளாமல் விடும் என்பதும் அமைகிறது. நிலவரி நியாயமானதா என்று கேட்கும் ஆராய்ச்சியை அந்நாளில் வரி வாங்கும் சர்க்காரின் பணத்தில் நடத்தியிருக்க முடியுமா? மக்கள் பணத்தில் வாழ்ந்த பல்கலைக்கழகத்திற்கு அது முடிந்தது.

ஊர்க்கணக்கு எடுப்பது அதற்கு முன்பே நம் நாட்டில் இருந்ததுதான். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கு அனுப்பி விவரம் திரட்டச் செய்து 1918ஆம் ஆண்டு ஒரு நூலாக்கினார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் முதலிய ஊர்களின் நிலையை அதிற் காணலாம். 1936, 1937ஆம் ஆண்டுகளில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். பிற்காலத்திலும் ஆராய்ச்சியாளர் அங்குச் சென்ற வண்ணம் இருந்தனர். பெரும்பணிதான், ஐயமில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் ஒரு நூற்றாண்டு மாறுதலை நாம் அறிவது அப்புண்ணியவான்களால்தான். ஆயினும் அவ்வாராய்ச்சியின் நோக்கம் அறிதல். கற்றவர் கற்றவர்க்கு எழுதியது. மாதர் தாலுகாவில் நிகழ்ந்தது வேறுவகை.

மாதர் என்றதும் பெண்டிரை நினைக்க வேண்டா. கேடா ஜில்லாவில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. கேடா ஜில்லாவிற்குக் கணக்கின் அருமை முன்னமே தெரியும். 1918ஆம் ஆண்டு அங்கே விளைவு பொய்த்தது. விளைச்சல் வழக்கத்தில் நாலில் ஒரு பங்கிற்கும் குறைந்தால் வரிவசூலை நிறுத்திவைக்க வேண்டும் என்பது சர்க்காரின் விதியே. விளைச்சல் அதற்கு மேல் என்று அதிகாரிகள் சாதித்தனர். காந்தியடிகளும் வல்லபாய் படேலும் தொண்டர்களும் ஊர் ஊராகச் சென்று, உழவரைக் கேட்டு, வயலைப் பார்த்துத் தாமே மதிப்பிட்டனர். சத்தியாக்கிரகம் அம்மதிப்பீட்டின் மேல் எழுந்தது. பத்தாண்டு கழித்து 1928இல் பார்தோலியிலும் அதுவே நடந்தது. அங்கே சர்க்கார் நூற்றுக்கு 22 வீதம் வரியை ஏற்றியிருந்தது. மக்கள் வரிகொடா இயக்கம் நடத்திய பின்னர், புரூம்பீல்டு, மேக்ஸ்வெல் என்னும் இரு ஆங்கில அதிகாரிகள் விசாரணைக்கு வந்தனர். ஊர்தோறும் கணக்கு அவர்கள் முன் வைக்கப்பட்டது. நூற்றுக்கு 6 வீதத்திற்குச் சற்று மேற்பட்ட உயர்வே தகும் என்று அவர்களே தீர்ப்புக் கூற நேர்ந்தது. உறுதி படைத்த நெஞ்சும் சரியான கணக்கும் கூடினால் என்ன ஆகும் என்பதைக் குஜராத்து உழவன் கண்டுகொண்டான்.

இந்நிலையில்தான் குமரப்பா மாதருக்கு வந்தார். 1929 டிசம்பர் முதல் 1930ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள் வரை அவரும் வித்யாபீட மாணவர்களும் 50க்கு மேற்பட்ட சிற்றூர்களில் வேலை செய்தனர். மாணவர்களே அவருக்கு நாவும் செவியும் ஆயினர். குடும்பத்தில் எத்தனை பேர், நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, விதைக்கும் எருவுக்கும் ஆன செலவு என்ன, கடன் யாரிடம், வட்டி எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உழவன் கணக்கு எழுதுபவனல்லன். எழுத்தறிவும் அன்று மிகக் குறைவு. கேட்ட கேள்விக்கு ஏதோ ஒரு விடை கூறிவிடுவான். வரி அதிகாரி கேட்டால் குறைத்துச் சொல்வான். சம்பந்தம் பேச வந்தவர் கேட்டால் கூட்டிச் சொல்வான். நம் வீடுகளில் மட்டும் வேறு வழக்கமா என்ன? உண்மையான விடை வேண்டுமானால், கேட்பவன் மேல் நம்பிக்கை வேண்டும். காதி உடுத்து, அவ்வூரிலேயே தங்கி, அவர்கள் மொழியிற் பேசும் மாணவனிடம் அந்நம்பிக்கை எளிதிற் பிறந்தது. கம்பெனிப் பேரேடுகளில் பழகிய குமரப்பாவோ, வந்த விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒவ்வாதவற்றைத் தள்ளினார். உணர்ச்சி மாணவருடையது, உறுத்தல் ஆடிட்டருடையது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேராவிடின் அந்த அறிக்கை வெறும் முறையீடாகவோ வெறும் பட்டியலாகவோ முடிந்திருக்கும். ஏழைகளின் பக்கம் நிற்கிறோம் என்பதால் கணக்கில் தளர்ச்சி காட்டலாகாது என்பது அவர் கொள்கை; அப்பக்கம் நிற்பவனுக்கே கணக்கு இன்னும் இறுக்கமாக இருக்கவேண்டும் என்றும் அவர் கருதினார் என்பது அவர் வாழ்க்கை முழுவதையும் பார்க்கும்போது விளங்கும்.

கணக்கெடுப்பு முடிந்த காலமும் ஒரு பெருங்காலம். 1930 மார்ச்சு 12ஆம் நாள் காந்தியடிகள் 78 தொண்டருடன் சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டார். அதற்கு 5 நாள் முன்னதாகவே கேடா ஜில்லாவின் ராஸ் என்னும் ஊரில் வல்லபாய் கைதானார். உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை 14ஆம் நாள் மாதரில் தங்கியது. நம்மில் பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்று உண்டு. யாத்திரைக்கு முன்னால், வித்யாபீட மாணவர் குழு ஒன்று அருணோதயத்தின் பெயர் பூண்டு ஊர் ஊராகச் சென்றது. தங்குமிடம் பார்ப்பது மட்டும் அதன் வேலையன்று. மக்கள்தொகை, பள்ளி, இராட்டை, கால்நடை, நிலவரி, அவ்வூரில் ஓராண்டிற்குச் செலவாகும் உப்பு ஆகிய விவரங்களைத் திரட்டித் தந்தது. அடிகள் மாலைக் கூட்டத்தில் எழுந்து பேசும்போது, அந்த ஊரின் எண்ணையே அந்த ஊராருக்கு எடுத்துரைக்க முடிந்தது. கேட்ட விவரம் கேட்டவரிடமே திரும்பி வந்த விரைவைப் பாருங்கள்! காந்தலூர் முதியவர் அக்கூட்டத்தில் இருந்திருந்தால் அவருடைய கேள்விக்கு அன்று மாலையே விடை கிடைத்திருக்கும்.

மாதர் தாலுகாவின் அறிக்கை 1931ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. அதற்குள் குமரப்பாவின் வாழ்க்கை வேறு திசையில் திரும்பிவிட்டது. நூலுக்கு முன்னுரை வேண்டிக் கராடி என்னும் ஊரில் காந்தியடிகளைக் காணச் சென்றவரை, யங் இந்தியாவுக்கு எழுதுமாறு அடிகள் பணித்தார். பத்திரிகைத் தொழில் தெரியாது, கணக்குத்தான் தெரியும் என்று சொல்லிப் பார்த்தார், பயனில்லை. எழுதினார், சிறையும் சென்றார். 1931இல் இங்கிலாந்திற்கும் இந்தியாவிற்கும் இடையிலான கடன் பொறுப்புக்களை ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவிலும் பெரும் உழைப்பு அவருடையதே. 1932இல் மீண்டும் சிறை.

1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. இராசேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு இன்ன தொகை என்று வரையறுத்து, ஒரு சல்லி மிகாமல் பார்த்துக்கொண்டார். காந்தியடிகளும் அவர் பரிவாரமும் பாட்னாவிற்கு வந்தபோது, அவர்களுக்கான செலவு அவ்வரையறையை மீறியது. துயருற்ற மக்களுக்கென்று வந்த பணத்திலிருந்து அதனைக் கொடுக்க முடியாது என்று மகாதேவ தேசாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடிகள் அதனைக் கேட்டு மகிழ்ந்தாரேயன்றி வெகுளவில்லை. இன்று பொதுப்பணத்தைக் கையாள்வோர் எத்தனை பேர் தம் தலைவரிடமே அப்படிச் சொல்லத் துணிவர்? நம் சங்கத்தின் பொருளாளர் இதனைப் படித்துப் புன்னகை புரிவார் என்று நம்புகிறேன்.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் தோன்றியது. குமரப்பா செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் அளித்த மகன்வாடித் தோட்டத்தில் அது நடைபெற்றது. சங்கத்தின் ஆலோசகர் வரிசையில் இரவீந்திரநாத தாகூர், ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய், சி. வி. இராமன் ஆகியோர் பெயர்கள் இருந்தன. குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய இராபர்ட் மெக்கரிசனும் அவர்களுள் ஒருவர். ஆலையில் தீட்டிய அரிசியில் சத்துக் குறைவதை விஞ்ஞானம் சொல்லிற்று. கைக்குத்தல் அரிசியை எப்படிச் சிக்கனமாகவும் எளிதாகவும் ஆக்குவது என்பதை மகன்வாடி செய்து பார்த்தது. செக்கைத் திருத்தினர். கையால் காகிதம் செய்தனர். தேனீ வளர்த்தனர். மண்ணெண்ணெய்க்குப் பதிலாக விதையெண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றையும் ஆக்கினர். பல மாகாணங்களிலிருந்தும் மாணவர் வந்து பயின்றனர். 1938 டிசம்பரில் அங்கே ஒரு கைத்தொழிற் காட்சிசாலையையும் காந்தியடிகள் திறந்து வைத்தார். ஊரே ஆராய்ச்சிச் சாலை, செக்காடுபவனும் ஆராய்ச்சியாளன்.

பனைவெல்லத்தில் அவருக்கிருந்த பற்று பெரிது. பனை தரிசு நிலத்தில் வளர்வது. கரும்போ நல்ல நிலத்தையும் நீரையும் உண்பது. நெல் விளைய வேண்டிய நிலத்தைக் கரும்புக்குக் கொடுத்துவிட்டுப் பசியால் வாடுவது என்ன பொருளாதாரம் என்று அவர் வாதிட்டார். காந்தலூர், மறையூர்க் கரும்பு உழவரிடம் அவர் சென்றிருந்தால் வெல்லக் கொப்பரையைப் பாராட்டி, கரும்பைப் பற்றிச் சண்டையும் பிடித்திருப்பார்! மலைக்குளிரில் பனை ஏது என்று அவர்களும் விடாமல் எதிர்வாதம் செய்திருப்பர். அச்சண்டையைக் காணும் பேறு நமக்கு இல்லாமற் போயிற்று.

மாதரில் தொடங்கிய முறையை அவர் கைவிடவில்லை. 1938, 1939ஆம் ஆண்டுகளில் மத்திய மாகாண சர்க்காரின் வேண்டுகோளின்படி, 606 சிற்றூர்களின் கைத்தொழில் நிலையை ஆராய்ந்த குழுவிற்குத் தலைமை தாங்கினார். பின்னர் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திற்கும் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். காங்கிரசு அமைத்த தேசியத் திட்டக் குழுவிலும் உறுப்பினரானார். பேரியந்திரத் தொழில்களையே முதன்மையாகக் கொண்ட அப்போக்கு ஒத்துவராமையால் விரைவில் விலகிக்கொண்டார். விட்டுக்கொடுத்துச் செல்லும் இயல்பு அவரிடம் இல்லை. சினமும் விரைவில் வரும். அவர் உடனிருந்து சற்றே பேசிப் பார்த்திருந்தால் திட்டம் சிறிதேனும் வளைந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் வளையாத அவ்வியல்புதானே பாட்னாவிலும் கணக்கைக் காத்தது!

1942 இயக்கத்தில் சிறைப்பட்டபோது, இயேசு பெருமானின் போதனைகளைப் பற்றி ஒரு நூலும், நிலைபேறுடைய பொருளாதாரம் பற்றி ஒரு நூலும் எழுதினார். இயற்கையில் எடுத்ததைத் திருப்பித் தராத வாழ்வு நிலைக்காது என்பது பின்னதன் கருத்து. தேனீ பூவிலிருந்து தேனை எடுக்கிறது. பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஒட்டுண்ணியோ எடுப்பதோடு சரி. சுற்றுச்சூழல் என்று உலகம் பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகட்கு முன் எழுதிய நூல் அது. கிராமத் தொழில்களின் டாக்டர் என்று காந்தியடிகள் அவருக்குப் பட்டம் சூட்டினார். கொலம்பியாவில் முடிக்காது வந்த பட்டத்தை வார்தாவில் பெற்றார் என்று நண்பர்கள் எண்ணி மகிழ்ந்திருக்கலாம்.

விடுதலைக்குப் பின், நிலச்சீர்திருத்தம் பற்றி ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவிற்குக் குமரப்பாவே தலைவர். மாகாணந்தோறும் சென்று கேட்டறிந்து 1949ஆம் ஆண்டு அறிக்கை அளித்தார். உழுபவனுக்கே நிலம், இடைத்தரகர் வேண்டா, ஒருவர் வைத்திருக்கும் நிலத்திற்கு உச்சவரம்பு வேண்டும் என்பன அதன் பரிந்துரைகள். ஏடு நன்றாகவே இருந்தது. பல மாநிலங்களில் சட்டங்களும் வந்தன. ஆனால் அறிக்கையின் உள்ளமெல்லாம் சட்டத்தில் இறங்கியது என்று சொல்வதற்கில்லை. ஆராய்ந்தவரும் ஊராரும் ஒன்றுபட்டால் மட்டும் போதாது, ஆள்வோர் காதும் திறந்திருக்க வேண்டும் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

அதன்பின் வார்தாவை அடுத்த செல்டோவில் ஒரு சிறு ஆசிரமம் நிறுவி உழவர்களோடு வாழ்ந்தார். மராட்டி பேசும் அந்நாட்டில் அதற்கு அவர் இட்ட பெயர் பண்ணை ஆசிரமம். ஆங்கில உடையில் மூழ்கியிருந்தவரின் நாவில் தஞ்சாவூர்ச் சொல் ஒன்று அத்தனை ஆண்டுகளும் உலராமல் கிடந்தது. இதனைப் படித்தபோது என் கண் பனித்தது. பிறநாட்டில் வீட்டுக்குத் தமிழ்ப்பெயர் எழுதி மாட்டியிருக்கும் நம் காலனியார்க்கு அதன் காரணம் விளக்க வேண்டியதில்லை.

உடல்நலம் குன்றவே தமிழ்நாட்டிற்குத் திரும்பி, மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில், வெங்கடாசலபதி அவர்கள் 1940ஆம் ஆண்டு தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். அருகே திண்டுக்கல் வட்டாரத்தில், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் வளர்த்த காந்திகிராமத்தில் 1956ஆம் ஆண்டு கிராமியக் கல்வி நிலையம் எழுந்தது. கற்பித்தல், ஆராய்தல் ஆகியவற்றோடு ஊர்ப்பணியையும் மாணவர்க்குப் பாடமாக்கிய அந்நிலையம் 1976இல் பல்கலைக்கழகத்திற்கு நிகரான தகுதி பெற்றது. வித்யாபீடத்து மாணவர் மாதரில் செய்ததை நம் நாட்டுப் பிள்ளைகளும் பாடத்தின் பகுதியாகவே செய்ய அவ்வாறு வழி பிறந்தது.

கல்லுப்பட்டியில் அவர் இருந்தது ஒரு சிறு குடில். மணம் புரியாதவர், சொத்தென்று சேர்த்ததும் இல்லை. சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார். காண வருவோர் காந்தியடிகளின் படம் இருக்கும் என்று எதிர்பார்ப்பர். அங்கே இருந்ததோ பெயர் தெரியாத ஓர் ஏழைக் குடியானவனின் படம். யார் இவர் என்று கேட்போரிடம், தம் தலைவருக்குத் தலைவர் என்று விளக்குவார். தம் தலைவர் காந்தி. காந்திக்குத் தலைவன் அக்குடியானவன்.

1960ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், குமரப்பா அவர்கள் தம் 68ஆம் வயதில் காலமானார்.